தளி ரோட்டுக்கு எத்தனை எச்.பி. வேண்டும்

என் வண்டி எட்டு எச்.பி. இதைச் சொல்லும்போதெல்லாம் என் கணவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். சின்னப் பிள்ளை விரலைக் காட்டித் தன் வயதைச் சொன்னால் பெரியவர்கள் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. அதைப் பார்த்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

அவர் ஓசூரில் இருசக்கர வண்டி செய்யும் ஒரு கம்பெனியில் எஞ்சின் டெஸ்டிங்கில் இருக்கிறார். லைனில் தயாராகி வரும் எஞ்சின்களில் சிலவற்றை எடுத்து, ஒரு மூடிய அறையில் மேடைமேல் பூட்டி, முழு ஆக்சிலேட்டர் கொடுத்து ஓட்டிப் பார்ப்பார்கள். திரையில் நம்பர் ஏறும். எதிர்பார்த்த எச்.பி. வந்தால் எஞ்சின் நல்ல எஞ்சின், வராவிட்டால் ஓரமாகப் போகும். அந்த அறையில் ரோடு கிடையாது, காற்று கிடையாது, எதிரே முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு வரும் டெம்போ கிடையாது. பதினைந்து வருடமாக அந்த அறைக்குள் நின்று வண்டிகளைப் புரிந்துகொண்ட மனிதர் அவர். கல்யாணமான புதிதில் இதெல்லாம் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

நானும் வண்டித் தொழிலில்தான் இருக்கிறேன். வண்டிகளுக்கு வயரிங் செய்து கொடுக்கும் ஒரு கம்பெனியில், பெரிய போர்டு முன்னால் நின்று, கலர் கலரான வயர்களை ஆணிகளுக்கு நடுவே இழுத்து, டேப் சுற்றி, ஒரே கொத்தாக்கிக் கொடுக்கும் வேலை. டேங்குக்கு அடியில் ஒளிந்திருப்பதால் எங்கள் வேலை யார் கண்ணிலும் படாது. வண்டி வாங்குகிறவர்கள் யாரும் வயரிங் எப்படி இருக்கிறது என்று கேட்டு நான் பார்த்ததில்லை. எல்லோரும் கேட்பது, பவர் எவ்வளவு, பிக்கப் எப்படி.

எங்கள் வீடு தளி ரோட்டில், மத்திகிரி தாண்டி உள்ளே. முன்பெல்லாம் கம்பெனி பஸ்ஸில்தான் போவேன். அது ஊர் ஊராக நுழைந்து ஆளை ஏற்றிக்கொண்டு, சுற்ற வேண்டிய இடமெல்லாம் சுற்றிவிட்டு சிப்காட்டில் எங்கள் கம்பெனிக்குப் போய்ச் சேரும். அதற்காக இருட்டிலேயே எழுந்து, அடுப்பைப் பற்றவைத்து, மகளுக்கும் அவருக்கும் எனக்கும் டிபன் பாக்ஸ் கட்டி, தலையைக்கூடச் சரியாக வாராமல் ஓட வேண்டும். அதனால்தான் வண்டி வாங்கினேன். என் சம்பளத்தில், நானே பார்த்து, நானே தேர்ந்தெடுத்தேன். தோழிகள் எல்லாம் ஸ்கூட்டி வாங்கினார்கள். எனக்குக் கியர் வண்டிதான் வேண்டும் என்று நின்றேன். கால் இரண்டும் தரையில் பதிகிற உயரம், நானே தள்ளி நிறுத்துகிற எடை. அது போதும்.

வாங்கும்போதுதான் ஒரு காரியம் செய்தோம். இந்த ஊரில் எல்லோரும் செய்கிற காரியம். கம்பெனியில் வேலை செய்கிறவருக்கு ஸ்டாஃப் விலையில் வண்டி கிடைக்கும். அதனால் யாருக்கு வண்டி வேண்டுமானாலும், கம்பெனியில் இருக்கும் மாமன், மச்சான், பக்கத்து வீட்டுக்காரர் என்று யாராவது ஒருவர் பெயரில்தான் எடுப்பார்கள். ஓசூர் ரோட்டில் ஓடுகிற வண்டிகளை நிறுத்தி ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்தால், பாதி வண்டிகளில் ஓட்டுகிறவர் ஒருவராகவும் சொந்தக்காரர் இன்னொருவராகவும் இருப்பார்கள். என் வண்டியும் அப்படித்தான் அவர் பெயரில் வந்தது. வீட்டுக்குள்ளேதானே இருக்கிறது, யார் பெயரில் இருந்தால் என்ன என்று நானும் நினைத்தேன்.

அந்த வண்டியில் நான் போன காலைகளைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும், இல்லாவிட்டால் என் கோபம் யாருக்கும் புரியாது. தளிப் பக்கம் காலையில் நல்ல குளிர். பனி ரோட்டின்மேலேயே படுத்திருக்கும். இரண்டு பக்கமும் ராகி, அப்புறம் ரோஜா வளர்க்கிற பிளாஸ்டிக் கூரைக் கொட்டகைகள், அப்புறம் ஒரு ஏரி. ஏரிக்கரை வளைவில் மூன்றாவது கியருக்கு இறக்கினால் எஞ்சின் ஒரு மாதிரி குரல் மாற்றும். அந்த இடத்துக்காகவே நான் காத்திருப்பேன், வீட்டுக்கு வந்து அவரிடமும் சொல்வேன். முன்னால் போகிற டெம்போவிலிருந்து கொத்தமல்லிக் கட்டு விழுந்து கிடந்தால், அந்த வாசனைக்குள்ளேயே கொஞ்ச தூரம் போகலாம். ஐம்பதைத் தாண்டியதே இல்லை. தாண்ட வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

ரோஜாத் தோட்டத்து வாசலில் ஒரு கன்னடக்காரர் பூப்பெட்டிகளை அடுக்கிக்கொண்டு நிற்பார். "ஏனக்கா, இவத்து லேட்டா?" என்பார், இன்றைக்கு லேட்டா என்று. நான் "இல்லண்ணா, நீங்கதான் சீக்கிரம்" என்று தமிழில் சொல்லிவிட்டுப் போவேன். அவர் கேட்டு முடிக்கவும் நான் பதில் சொல்லி முடிக்கவும் சரியாக இருக்கிற வேகம் அது. வீட்டில் இறங்கினால் நான் அம்மா, மனைவி, மருமகள். கம்பெனியில் இறங்கினால் போர்டு நம்பர். நடுவில் இருக்கும் அந்த அரை மணி நேரத்தில் என்னிடம் யாருக்கும் ஒன்றும் தேவைப்படாது. சந்தோஷம் என்று நான் எதையாவது கைகாட்டிச் சொல்ல வேண்டுமானால் அதைத்தான் சொல்வேன்.

அவருக்கு வந்த வியாதி ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தது. பெங்களூரிலிருந்து பெரிய பெரிய வண்டிகளில், தோல் கோட்டு போட்டுக்கொண்டு, கூட்டம் கூட்டமாக ஓசூரைத் தாண்டிக் கிருஷ்ணகிரிப் பக்கம் டிபன் சாப்பிடப் போவார்கள். தோசை தின்ன அவ்வளவு தூரமா என்று நாங்கள் சிரிப்போம். அவர் மட்டும் சிரிக்க மாட்டார். ஹைவேயில் டீக்கடையில் நின்று, ஒவ்வொரு வண்டியாக, அது இத்தனை எச்.பி., இது இத்தனை எச்.பி. என்று நண்பர்களுக்குச் சொல்லிக்கொண்டிருப்பார்.

ஒருநாள் நாங்கள் இரண்டு பேரும் என் வண்டியில் சூளகிரிக்கு ஒரு விசேஷத்துக்குப் போனோம். அவர் ஓட்டினார், நான் பின்னால். டீ குடிக்க நிறுத்திய இடத்தில், அப்படிப்பட்ட பெரிய வண்டிக்காரர் ஒருவர் எங்கள் வண்டியைப் பார்த்து, ரொம்ப மரியாதையாகத்தான், மைலேஜ் எவ்வளவு கொடுக்கிறது என்று கேட்டார். அவ்வளவுதான். இவர் முகம் செத்துப்போனது. டீயைப் பாதியில் வைத்துவிட்டார். அவன் மைலேஜ் கேட்டது என்னைக் கேவலப்படுத்தத்தான் என்று ராத்திரி சாப்பிடும்போது சொன்னார். நல்ல வண்டி என்றுதானே கேட்டார் என்றேன். உனக்கு இதெல்லாம் தெரியாது என்றார்.

அடுத்து வந்தது ஆயுத பூஜை. எங்கள் ஊரில் அது தீபாவளியைவிடப் பெரிய பண்டிகை. மெஷினுக்கெல்லாம் சந்தனம் வைத்து, பொரியும் சுண்டலும் கொடுத்து, குடும்பத்தோடு வந்து பாருங்கள் என்று கம்பெனிகள் கதவைத் திறந்துவிடுகிற நாள் அது. முந்தின நாள் சாயங்காலம் என் வண்டியை நானே கழுவினேன். செயினுக்கு எண்ணெய் விட்டு, ஹேண்டில்பாரில் இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, ஹெட்லைட்டுக்குப் பொட்டு வைத்தேன். காலையில் உங்கள் கம்பெனி பூஜைக்கு நீ பஸ்ஸிலேயே போய்க்கொள் என்றார் அவர். வண்டிக்குத் தானே பூஜை போட்டுக்கொண்டு வருவதாகச் சொன்னார். என்ன அக்கறை என்று நினைத்துக்கொண்டு போனேன்.

திரும்பி வந்தபோது வாசலில் கூட்டம். கூட்டத்துக்கு நடுவில் கறுப்பும் சிவப்புமாக ஒரு பெரிய வண்டி. அதன் ஹேண்டில்பாரில் நான் கட்டிய வாழைக்கன்று.

என் வண்டி எங்கே என்று கேட்டேன். அவர் சந்தோஷம் தாங்காமல் நின்றார். "எக்ஸ்சேஞ்சுல குடுத்துட்டேன். இது இருபத்தஞ்சு எச்.பி. உனக்கும் சேத்துதான் எடுத்துகினு வந்தேன்" என்றார். அக்கம்பக்கத்தார் எல்லாம் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். கொடுத்து வைத்தவள் என்று ஒருவர் சொன்னார். நான் உள்ளே போய்ப் பொரியை எடுத்து வந்து எல்லோருக்கும் கொடுத்தேன். கொடுத்த வேகத்தில் பாதி கீழே கொட்டியது. வெட்கமோ ஆனந்தமோ என்று நினைத்திருப்பார்கள். கோபம். அந்த வாழைக்கன்றைப் பிடுங்கி அவர் முகத்தில் அடிக்கவேண்டும் போலிருந்தது. அதைக்கூட அவிழ்த்து அப்படியே அதில் கட்டியிருக்கிறார் மனுஷன்.

எக்ஸ்சேஞ்சில் கொடுக்க என் கையெழுத்து தேவைப்படவில்லை. வண்டி அவர் பெயரில்தானே இருந்தது. ஸ்டாஃப் விலைக்கு ஆசைப்பட்ட எங்கள் ஊர்ப் பழக்கம் எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

அவர் கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. குடிக்க மாட்டார். கை நீட்டியதில்லை. சம்பளம் வீட்டுக்கு வந்துவிடும். இந்த மூன்றும் சரியாக இருந்துவிட்டால், அப்புறம் ஒரு பெண்ணுக்குக் கோபப்பட உரிமையே கிடையாது என்று நம் ஆட்கள் முடிவுகட்டி வைத்திருக்கிறார்கள். போர்டில் என் பக்கத்தில் நிற்கிறவளிடம் சொன்னேன். அவள் அரியலூர்ப் பக்கத்திலிருந்து வந்தவள், எனக்கு ரொம்ப வேண்டியவள். அவளே, "சின்னதக் குடுத்துட்டுப் பெருசு வாங்கியிருக்காரு, இதுக்குப் போயி அழுவுறியேக்கா" என்றாள். அவளை நான் என்ன சொல்வது? நான் வயரை இழுத்த வேகத்தில் அன்றைக்கு இரண்டு கொத்து ரிஜெக்ட் ஆனது.

புது வண்டியை ஓட்டிப் பார்க்காமல் நான் குறை சொல்லவில்லை. ஓட்டினேன். சீட்டில் ஏறி உட்கார்ந்தால் கட்டை விரல் மட்டும்தான் தரையைத் தொடும். நிற்கும்போதெல்லாம் வண்டி ஒரு பக்கமாகச் சாயும். தளி ரோட்டில் கோஸ் டெம்போவுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால், அந்த வண்டிக்கு மெதுவாகப் போகவே தெரியாது. மூன்றாவது கியரில் திக்கித் திணறும். இரண்டாவதுக்கு இறக்கினால் உறுமும். கொஞ்சம் திருகினால் டெம்போவின் முதுகில் போய் மோதுகிற மாதிரி பாயும். எஞ்சின் சூடு கெண்டைக்காலைப் பொசுக்கும். ஏரிக்கரை வளைவு எப்போது வந்தது, எப்போது போனது என்றே தெரியாது. ரோஜாத் தோட்டத்துக்காரர் ஏதோ கேட்டார், என்ன கேட்டார் என்று காதில் விழுவதற்குள் அவர் எங்கோ பின்னால் போய்விட்டார்.

கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி எழுந்து நின்று வண்டியைச் சுற்றிப் பார்த்தார். நான் இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி, பொசுங்கிய கெண்டைக்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டேன். அன்றோடு சரி. மறுபடியும் கம்பெனி பஸ், மறுபடியும் இருட்டில் அடுப்பு.

சரி, அவராவது ஓட்டினாரா என்றால் அதுதான் என்னை அதிகம் எரித்தது. ஓசூர் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி இருக்கிற நெரிசலில் அந்த வண்டியை எடுத்துக்கொண்டு போய்த் தொடை வெந்து வந்தார். இரண்டு ஞாயிறு நண்பர்களோடு ஹைவேயில் போனார், முதுகு பிடித்துக்கொண்டது. அப்புறம் மழை, அப்புறம் தூசி, அப்புறம் பெட்ரோல் என்று ஒவ்வொரு காரணமாக வந்தது. கடைசியில் வண்டிக்கு ஒரு உறை வாங்கிப் போர்த்திவிட்டு அவரும் கம்பெனி பஸ்ஸில் போனார். அத்தனை குதிரைகளையும் வாங்கிவந்து வாசலில் கட்டிப் போட்டுவிட்டு, புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு பஸ்ஸுக்கு ஓடினோம். ஞாயிற்றுக்கிழமை உறையை எடுத்து, துடைத்து, போட்டோ பிடித்து, மறுபடியும் போர்த்துவார். தளி ரோட்டில் இருபத்தைந்து எச்.பி.யையும் திறந்துவிட எங்கே இடம் இருக்கிறது? அந்த நம்பர் அவருடைய டெஸ்டிங் அறையில் மட்டும்தான் முழுசாக வரும். அதற்காக என் காலைகளைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

என் வண்டியைத் தேடிப் போவது என்று முடிவு செய்தேன். எக்ஸ்சேஞ்ச் எடுத்த ஷோரூமில் கேட்டேன். அவர்கள் பழைய வண்டிகளைக் கிருஷ்ணகிரியில் ஒரு வியாபாரிக்குக் கொடுத்துவிடுவார்களாம். வார லீவில், அவரிடம் சொல்லாமல், ஹெல்மெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, பஸ் ஏறிக் கிருஷ்ணகிரி போனேன். பழையபேட்டையில் ஒரு தகரக் கொட்டகை. நாலு வரிசையாகப் பழைய வண்டிகள். கடைக்காரர் ஒரு வயதான பாய். நான் அவரிடம் பேச ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே என் வண்டியைப் பார்த்துவிட்டேன். மூன்றாவது வரிசையில், ஒரு கண்ணாடி உடைந்து நின்றது, நான் வைத்த பொட்டு இன்னும் ஹெட்லைட்டில் அழியாமல் இருந்தது. அழுகை வந்தது. வந்தால் என்ன, அழுதேன்.

இது என் வண்டி, என்னைக் கேட்காமல் கொடுத்துவிட்டார்கள், எனக்குத் திரும்ப வேண்டும் என்றேன். பாய் தன் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். நாகரசம்பட்டியில் மாந்தோப்பு வைத்திருக்கும் ஒருவர் அதற்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போயிருப்பதாகவும், சொன்ன சொல்லை மாற்றுவது தன் வழக்கமில்லை என்றும் சொன்னார். அப்படியானால் அவருக்கு போன் போடுங்கள், நான் பேசுகிறேன் என்றேன். என் குரல் எனக்கே அதிகமாகத்தான் இருந்தது. பாய் தானே பேசினார். மருந்து டேங்கைக் கட்டிக்கொண்டு தோப்புக்குள் போய்வர அவருக்கு ஏதோ ஒரு வண்டி வேண்டும், எது ஓடினாலும் சரியாம். பக்கத்தில் நின்ற இன்னொரு வண்டியை அவருக்கு ஒதுக்கினார்கள்.

"எல்லாரும் இங்க வந்து இதவிடப் பெருசா இருக்கான்னுதான் கேப்பாங்க. நீங்க ஒருத்தர்தாம்மா குடுத்ததையே கேக்கறீங்க" என்று பாய் சிரித்தார். அப்புறம் பேப்பரை எடுத்து வைத்துக்கொண்டு, யார் பெயருக்கு மாற்ற வேண்டும் என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த வண்டி விஷயத்தில் என்னிடம் யாரும் எதையும் கேட்டதே இல்லை. என் பெயரைச் சொன்னேன். எழுத்துக்கூட்டி இன்னொரு தடவையும் சொன்னேன். நான் கட்டிவந்த சீட்டை முன்பே எடுத்து வைத்திருந்தேன், அந்தப் பணத்தில்தான் வண்டியை வாங்கினேன், அதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை.

ஹைவேயில் வரவில்லை. ராயக்கோட்டை வழியாக வந்தேன். ராயக்கோட்டையில் தக்காளி மார்க்கெட் கூட்டத்துக்குள் நுழைந்து, முதல் கியரில், பெட்டி தூக்குகிறவர்களுக்கு நடுவே, காலைத் தரையில் ஊன்றி ஊன்றி வெளியே வந்தேன். ஒரு தள்ளாட்டம் இல்லை. கெலமங்கலத்துக்கு முன்னால் ஒரு ஏற்றத்தில் வண்டி கொஞ்சம் முக்கியது. "மெதுவாப் போலாம், யாரும் நம்மளத் தேடல" என்று சத்தமாகவே சொன்னேன். ஹெல்மெட்டுக்குள் நான் சிரித்துக்கொண்டிருந்தேன், கன்னம் வலித்தபோதுதான் தெரிந்தது.

வீட்டில் அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. சிரித்தார். விற்ற வண்டியையே விலை கொடுத்து வாங்கி வந்திருக்கிறாள் என்று எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நண்பர்கள் வீட்டுக்கு வந்தால் என்னைக் கூப்பிட்டு, எத்தனை எச்.பி. என்று சொல்லச் சொல்வார். எட்டு என்று சொல்லிவிட்டு டீயை வைத்துவிட்டு வருவேன். அடுப்படியில் போய்ப் பாத்திரத்தின்மேல் காட்டுவேன் என் கோபத்தை. காலையில் வண்டியை எடுத்தால் எல்லாம் ஆறிவிடும். ஆறு மாதம் அப்படி ஓடியது.

அப்புறம் ஒரு நாள் எனக்கு இரண்டாவது ஷிஃப்ட். அவர் கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டார். பெரிய வண்டியின் உறையை எடுத்துப் பட்டனை அழுத்தினால் சத்தமே இல்லை. நின்றே கிடந்ததில் பேட்டரி செத்துவிட்டது. வேறு வழியில்லாமல் என் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். வேலை முடிந்து நேராக வந்து வண்டியைக் கொடுத்திருக்க வேண்டியவர், வரவேயில்லை. போனும் எடுக்கவில்லை. நான் டவுன் பஸ் பிடித்து வேலைக்குப் போனேன்.

ராத்திரி நான் வந்ததும் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். முகம் அப்படிப் பளபளவென்று இருந்தது. சாயங்காலம் சும்மா தளிவரை போய் வந்தாராம். இந்த ரோடு இவ்வளவு அழகு என்று இத்தனை வருடமாகத் தெரியவே தெரியாதாம். மெதுவாகப் போனால்தான் கொத்தமல்லி வாசனையெல்லாம் வருகிறது என்றார். ரோஜாக் கொட்டகைக்காரர் ஒருவர் கூப்பிட்டுப் பேசினாராம், நல்ல மனிதராம். ஏரிக்கரை வளைவில் மூன்றாவது கியருக்கு இறக்கிப் பார், எஞ்சின் குரல் எப்படி மாறுகிறது பார் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார்.

எனக்கு. அந்த வளைவை எனக்கு.

வண்டி வாங்கிய நாளிலிருந்து ஆறு வருடமாக நான் சொல்லிக்கொண்டிருந்ததைத்தான் அவர் எனக்கே திருப்பிச் சொன்னார். நான் சொன்னபோது அது பொம்பளைப் பேச்சு. அவர் சொன்னபோது அது கண்டுபிடிப்பு. பவர் எல்லாம் சும்மா, தினசரி ஓட்டத்துக்குச் சின்ன வண்டிதான் சுகம் என்று நண்பர்கள் குரூப்பில் எழுதி, என் வண்டியின் போட்டோவையும் போட்டிருந்தார். கை தட்டிக் குவித்திருந்தார்கள். நியாயமாக நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு அன்று வந்த கோபம் ஆயுத பூஜை அன்றுகூட வரவில்லை.

இரண்டு நாள் கழித்துக் காலையில் எழுந்து வந்தால் வண்டி இல்லை. முதல் ஷிஃப்ட் எனக்கு. நான் மறுபடியும் வண்டியில் போக ஆரம்பித்ததும் கம்பெனி பஸ் எங்கள் ஊருக்குள் வருவதை நிறுத்திவிட்டது, அந்த நேரத்துக்கு டவுன் பஸ்ஸும் கிடையாது. ரோட்டில் நின்று நின்று பார்த்துவிட்டு லீவு சொன்னேன். சாயங்காலம் வந்தார். நல்ல பனி, விடமுடியவில்லை, அப்படியே வேலைக்கும் போய்விட்டேன் என்றார். பேட்டரி மாற்றிவிட்டேனே, நீ பெரிய வண்டியை எடுத்துக்கொண்டு போயிருக்கலாமே என்றும் சொன்னார்.

நான் சாவியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். பேச ஆரம்பித்திருந்தால் தெருவே கூடியிருக்கும். என் வண்டியில் இருக்கும் சுகம் தெரியாததால் ஒரு தடவை அதை எடுத்துக்கொண்டு போனார். இப்போது சுகம் தெரிந்ததால் எடுத்துக்கொண்டு போகிறார். அவருக்குத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் ரோட்டில் நிற்கப்போவது நான்தான். அன்று ராத்திரி சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தேன்.

காலையில் நான் வண்டியை வாசலுக்கு இறக்கிக் கிளப்பி நின்றபோது, அவர் குளித்து, தலைசீவி, ஹெல்மெட்டோடு வெளியே வந்தார். வந்து, ஒன்றும் சொல்லாமல், கையை மட்டும் நீட்டினார்.

"கேளுங்க" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. "இன்னா கேக்கறது? நம்ம வண்டிதானே?" என்றார்.

"என் வண்டி. வேணும்னா கேளுங்க. குடுக்கறதா வேணாமான்னு நான் சொல்றேன்."

சிரிக்கப் பார்த்தார். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். எஞ்சின் இரைச்சலுக்கு மேலே நாள் முழுக்க நம்பரைக் கத்திச் சொல்கிற மனிதர். நீட்டிய கையை மடக்கவும் தெரியவில்லை, வாயைத் திறக்கவும் வரவில்லை. நான் காத்திருந்தேன். நிஜமாகவே காத்திருந்தேன். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன், அந்த ஷிஃப்டே போனாலும் பரவாயில்லை என்று கொடுத்திருப்பேன். அவர் கேட்கவில்லை. நான் கியரைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

இன்றுவரை கேட்கவில்லை. பெரிய வண்டி உறைக்குள் இருக்கிறது, அவர் பஸ்ஸில் போகிறார். நான் தினமும் வண்டியைக் கிளப்பிவிட்டு, உடனே போகாமல், வாசலில் கொஞ்ச நேரம் நிற்கிறேன்.